எட்டுப் பத்து வண்டி

அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கீழே வைத்தால் முன் சீட்டுக்குப் போய்விடும். இந்த டிரைவர் போடுகிற பிரேக்குக்கு மனிதனே நிற்க மாட்டான். உள்ளே கம்ப்யூட்டர்தானே? பார்த்ததும் தெரிந்தது. நானும் கம்ப்யூட்டரோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவன்தான். கடைசியில் அது மண்டை பிளந்து கிடந்ததையும் பார்த்தேன். ஜாக்கி ராடு நெற்றியில் நுழைந்து பிடரியில் வெளியே வந்திருந்தது. அதே ராடு, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால், ஒருவனுடைய வலது கையில் இறங்கியிருந்தது.

பயப்படாதீர்கள். நான் இறக்கவில்லை. நான் யாரையும் அடித்துப் பல வருடமாகிறது. தொண்ணூற்றாறில் ஒரு கண்டக்டரின் இரண்டு பல்லை எடுத்தேன். அது அவன் பேசிய பேச்சுக்கு. அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். எதிரே வந்தால் இன்றைக்கும் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவேன். அவன் செய்ததை நான் மறக்கவில்லை.

என் பெயர் திருமூர்த்தி. உடுமலை ஸ்டாண்டில் டைம் கீப்பர். தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று சங்கம் சொல்லும். நான் ஸ்டாண்டு நடுவில் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் வண்டியின் பெயரைச் சொல்லி விசில் ஊதுவேன். ஊதினால் எடுக்க வேண்டும், ஊதாமல் எடுக்கக் கூடாது. கேட்டால் ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஒரு நிமிடம் பிந்தி ஊதிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் அறுபது டிக்கெட் பின்னால் நிற்கிறவனுக்குப் போய்விடும். அதற்காகக் கண்ணாடியை உடைப்பான், சட்டையைக் கிழிப்பான், காதைக் கடிப்பான். கடித்திருக்கிறான். காதின் நுனியைத் தேடி எடுத்து டம்ளரில் போட்டுக் கொடுத்தவன் நான்.

இருபத்தேழு வருடம் எல்லா டைமும் என் மண்டைக்குள் இருந்தது. ஆறாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் நூற்றுப் பன்னிரண்டு டிரிப்பையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்போது சங்கச் செயலாளராக வந்தான் கந்தவேல். என்னைவிட இருபது வயது சின்னவன், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். "அண்ணன் மண்டையப் போட்டா டைமும் போயிருமே" என்று எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஸ்டாண்டு மாடியில் இருக்கிற சங்கத்து அறையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். அதில் தட்டுவதற்கு சுகுணா என்று ஒரு பெண்பிள்ளையைப் போட்டான். பழைய கண்டக்டர் ஒருவருடைய மகள். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்லத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன், அது வேறு. அந்தப் பிள்ளை எனக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தது. டைம் பேப்பர் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும் என்றால், இடது பக்கம் வண்டியின் பெயர், வலது பக்கம் மணி. முதலாளி வாரியாக இருக்கும். எனக்கு அப்படி இருந்தால் ஆகாது, விடியற்காலையிலிருந்து வரிசையாக வேண்டும். மணி இருக்கிற கட்டத்தின் தலையைத் தொட்டு, மேலே ஒரு படத்தை அமுக்கினால், குட்டியாக ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்கும். அதில் மூன்று பித்தான். முதல் பித்தானை அமுக்கினால் மணி வரிசையாகும், வண்டியின் பெயரும் கூடவே ஓடி வந்து அதனதன் மணிக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். மாதா மாதம் கடைசி நாள், அந்த ஒரு அமுக்கு என்னுடையது. சுகுணா எழுந்து நாற்காலியைக் கொடுக்கும். "பெரியப்பா, உங்க வேலைங்க" என்று சொல்லும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமுக்குவேன். பெட்டி என்ன கேட்கிறது என்று நான் கேட்டதில்லை. முதல் பித்தான். அவ்வளவுதான்.

இந்த வருடம் கந்தவேலுக்கு ஒரு புத்தி வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற அந்த ஆபீஸ் சாமானுக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டுமாம். "எதுக்கு அழுவோணும்? சும்மா கிடைக்கறது ஒண்ணு இருக்குதாம்மா. ரெண்டு மாசம் ஓட்டிப் பாப்போம்" என்றான். சுகுணா அதைப் போட்டது. நான்கு நாள் அதிலேயே தட்டிப் பார்த்தது.

"எப்படி இருக்குது அம்மிணி?" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது பெரியப்பா. பழைய பேப்பரெல்லாம் தெறக்குது. எல்லாம் இருக்குது, இருக்கற எடந்தான் கொஞ்சம் மாறியிருக்குது."

கேட்டீர்களா? இடம்தான் மாறியிருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டில் இருந்துகொண்டு இடம்தான் மாறியிருக்கிறது என்று சொல்கிறது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்று நடந்தது. சென்னியப்பன் என்கிற வண்டியின் டிரைவர் காளிமுத்து ஒரு டைமைப் பற்றிக் கேட்டான். பேப்பரில் ஐந்து இருபது என்று இருந்தது. அது ஐந்து இருபத்தைந்து, தட்டும்போது தப்பாகிவிட்டது, இருபதுக்கு எடுத்தால் முன் வண்டிக்காரன் அடிக்க வருவான், எடுக்காதே என்று சொன்னேன். நான் சொன்னது சரி. பிறகு முதலாளியே வந்து சரி என்றார். ஆனால் அதற்குள் கந்தவேல் மாடியிலிருந்து இறங்கி வந்தான். டிரைவர், கண்டக்டர், பூக்காரி எல்லாரும் நிற்கிறார்கள்.

"அண்ணா, பேப்பர்ல என்ன இருக்குதோ அத மட்டும் படிங்க. உங்க மண்டைல இருக்கறது இங்க யாருக்கும் வேண்டாம். விசில் ஊதறதுக்கு மண்டை எதுக்கு? வாய் போதும்."

சிரித்தார்கள். காளிமுத்துவும் சிரித்தான். நான் யாருக்காகப் பேசினேனோ அவன் சிரித்தான். போன தை மாதம் மகள் சீர் விசேஷத்துக்கு ஸ்டாண்டு பூராவும் பத்திரிகை வைத்துவிட்டு, என் கூண்டைத் தாண்டிப் போனவன் அவன். 'அண்ணன்தானே, சொன்னா வரமாட்டாரா' என்று நினைத்தானாம். வாயால் சொல்லவுமில்லை. பூக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நான் இன்றைக்கும் வழிவிட்டுத்தான் நடப்பேன்.

சரி. மாதக் கடைசி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் புது ஆபீஸ் சாமான். கட்டத்தின் தலையைத் தொட்டேன், படத்தை அமுக்கினேன். சுகுணாவுக்கு போன் வந்தது, எழுந்து வாசலுக்குப் போனது. பெட்டி வந்தது. அதே மாதிரி பெட்டிதான். மூன்று பித்தான். முதல் பித்தானை அமுக்கினேன்.

பழையதில் எது முதலில் இருந்ததோ, அது இதில் இரண்டாவதாகப் போய்விட்டதாம். பிறகுதான் சொன்னார்கள். எனக்கு எப்படித் தெரியும்? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைகளை மட்டும் உயர வரிசையில் நிறுத்திவிட்டு, பெண்களை நின்ற இடத்திலேயே விட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிட்டது. மணியெல்லாம் வரிசையாக வந்துவிட்டது. வண்டிகள் இருந்த இடத்திலேயே நின்றன. யார் பக்கத்தில் யார் என்று ஒரு கணக்கும் இல்லை.

சுகுணா வந்தது. காதில் போன் இருந்தது. "ஆச்சுங்களா பெரியப்பா?" என்றது. ஆச்சு என்றேன். பிரிண்ட் அடித்துக் கையில் கொடுத்தது. காகிதம் சூடாக இருந்தது.

கூண்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எட்டுப் பத்து, பூங்கொடி.

தம்பி, எங்கள் ஸ்டாண்டில் எட்டுப் பத்து என்றால் என்ன தெரியுமா? மில்லுக்குப் போகிற கூட்டம், காலேஜ் கூட்டம், கோர்ட்டுக்குப் போகிறவன், எல்லாம் அந்த வண்டிதான். பதினொரு வருடமாக அது சென்னியப்பன் வண்டி. ஓட்டுகிறவன் காளிமுத்து. பதினொரு வருடமாக அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவன் பூங்கொடி வண்டி டிரைவர் ஜெகநாதன். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி நான்கு வருடம் ஆகிறது. இந்தக் காகிதத்தை ஒட்டினால் என்ன நடக்கும் என்று, நீங்கள் இந்த ஊரே தெரியாதவர், உங்களுக்கே தெரிகிறது இல்லையா?

மாடிக்குப் பதினான்கு படி. ஏறிப் போய், 'அம்மிணி, தப்பாயிருக்குது, இன்னொரு தரம் அடி' என்று சொன்னால் முடிந்தது. என் முழங்காலுக்குக்கூட அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அது மண்டையில் இருக்கிற விஷயம். மண்டையில் இருப்பது யாருக்கும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதே. பேப்பரை ஒட்டினேன். நான்கு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன்.

ஒன்றாம் தேதி. ஐந்து மணி வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாற்பதுக்கு முதல் சட்டை கிழிந்தது. ஏழு ஐந்துக்கு ஒருவன் இன்னொருவனுடைய டிக்கெட் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டான். ஒவ்வொருவனும் என் கூண்டுக்கு வந்து கத்தினான். நான் காகிதத்தைக் காட்டினேன். சங்கத்தின் சட்டம் இருக்கிறது. பேப்பரை மீறி எடுத்தவனுக்கு ஒரு வாரம் வண்டி கிடையாது. கந்தவேலுக்குப் போன் போட்டார்கள். இரண்டு போனையும் எடுக்கவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் என்று எங்கேயோ போயிருந்தான். திங்கட்கிழமை காலை எழுந்திருக்கவில்லை.

எட்டு மணிக்குக் காளிமுத்து வந்தான். வழக்கமாக நிற்கிற இடத்தில் வண்டியை விட வந்தால் அங்கே ஜெகநாதன் மூக்கை நுழைத்து நிற்கிறான். இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணா, என்னுங்ண்ணா இது? எட்டுப் பத்து நம்முளுதுதானுங்?"

"பேப்பர்ல இல்லீடா."

"பேப்பர உடுங்ண்ணா. உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க சொல்லுங், அவன வண்டிய ஒதுக்கச் சொல்றன்."

"எனக்கென்ன தெரியும்? எனக்கு வாய்தானே இருக்குது."

அவன் என் முகத்தையே பார்த்தான். புரிந்திருக்கும். கையைக் கூண்டின் கம்பி மேல் வைத்துக்கொண்டு, "அண்ணா, அன்னைக்குச் சிரிச்சது தப்புதானுங். வேணும்னா கால்ல உழுகறன். இப்பச் சொல்லுங்" என்றான்.

அந்தக் கை. அதைத்தான் சொல்லவந்தேன். விரலெல்லாம் கறுத்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. நான் மணியைப் பார்த்தேன். எட்டு ஒன்பது. மைக்கை எடுத்தேன். "எட்டுப் பத்து, பூங்கொடி, தாராபுரம்." விசிலை ஊதினேன்.

அதற்கப்புறம் நான் சொல்ல என்ன இருக்கிறது! காளிமுத்து ஓடிப்போய்ச் சென்னியப்பனை எடுத்து, ஜெகநாதனுக்கு நேர் முன்னால் குறுக்கே நிறுத்தினான். ஜெகநாதன் பிரேக்கை மிதிக்கவில்லை. முட்டினான். முன் கண்ணாடி ஒரேயடியாக மழை மாதிரி கொட்டியது. உள்ளே இருந்த மில்லுப் பெண்கள் அலறிக்கொண்டு பின் வாசலில் விழுந்து எழுந்தார்கள். இரண்டு கண்டக்டர்களும் நடுவில் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் இன்னொருவனுடைய தலையை டயரில் வைத்து இடித்தான்.

"எறங்குடா! பதினோரு வருசமா என்ற சோத்துல கை வெச்சவன் நீதான்டா!" இது ஜெகநாதன்.

"உன்ற சோறா? பேப்பர மாத்தி வாங்கித் தின்ற நாயி!" இது காளிமுத்து.

காளிமுத்து அவனைக் கதவோடு சேர்த்துக் கீழே இழுத்தான். நெஞ்சில் குத்தினான், மூஞ்சியில் குத்தினான். ஜெகநாதனுக்கு மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். நல்ல குத்து. நான் பார்த்த குத்துகளில் நல்ல குத்து. அப்போது பூங்கொடி கிளீனரோ யாரோ ஜாக்கி ராடை எடுத்து நீட்டினான். ஜெகநாதன் வாங்கினான். காளிமுத்து விழாமல் இருக்க வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டிருந்தான், வலது கையால். ராடு அதன் மேல் இறங்கியது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. முதல் அடிக்குக் கத்தினான். மூன்றாவது அடிக்குச் சத்தமே வரவில்லை. கையை மேலே தூக்கினான், விரல்கள் கூட வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்தன, கயிற்றில் கட்டிய மாதிரி.

ஆஸ்பத்திரியில் நான்கு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டை விரல் மட்டும் இருக்கிறது. கட்டை விரலை மட்டும் வைத்திருக்கிறவனுக்கு எவன் வண்டி கொடுப்பான்?

அடி விழுந்த உடனே சென்னியப்பன் ஆட்கள் பத்து இருபது பேர் சங்கத்து மாடிக்கு ஓடினார்கள். ஜெகநாதனிடமிருந்து பிடுங்கிய அதே ராடு கையில். நான் அங்கேதான் இருந்தேன். விசிலை ஊதிவிட்டுப் படியேறி வந்து, சண்டையை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கூண்டில் இருந்திருந்தால் என்னை முடித்திருப்பார்கள். ஏறினேன் பாருங்கள், பதினான்கு படியையும், முழங்கால் வலி தெரியவில்லை.

"எவன்டா பேப்பர் அடிச்சது?"

ஒருவன் என் சட்டையைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் சாத்தினான். "கெழவா, மாசாமாசம் நீதான கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து அமுக்குவ? நீ அமுக்குனதா?" ராடு மேலே போனது. எனக்கு அறுபத்து மூன்று வயது தம்பி. வேட்டி நனைந்துவிட்டது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த சுகுணா நடுவில் வந்தது.

"அவரு இல்லீங்ண்ணா. அவருக்கென்னுங் தெரியும்? நான்தான் அமுக்குனேன். புது ஆபீசுங். தெரியாம மாத்தி அமுக்கிட்டேன்."

ராடு திரும்பியது. பெண்பிள்ளை என்று கடைசி நேரத்தில் யோசித்தானோ என்னவோ, கம்ப்யூட்டர் மேல் இறக்கிவிட்டான். இன்னொருவன் தட்டுகிற பலகையைத் தூக்கி வீசினான். அது சுகுணாவின் நெற்றியில் பட்டுப் பிளந்தது. எழுத்துகள் தரையெல்லாம் சிதறின. பிள்ளை சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தது. கண்ணுக்கு மேலிருந்து ரத்தம் இறங்கி மூக்கு நுனியில் சொட்டுகிறது, அதைத் துடைக்காமல் என்னையே பார்த்தது.

அந்தப் பார்வையைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். யார் கேட்டார்கள் அதை? நான் கேட்டேனா? 'பெரியப்பாவைக் காப்பாத்து' என்று கையெடுத்துக் கும்பிட்டேனா? தானாக வந்து சொல்லிவிட்டு, பிறகு அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவனுடைய தொண்டையில் முள்ளைப் போட்டுவிட்டு நான் உபகாரம் செய்தேன் என்றால் சரியா?

ஏழு தையல். போலீஸ் கேஸ் ஆகிவிட்டது. பூங்கொடிக்காரனோடு சேர்ந்துகொண்டு அந்தப் பிள்ளை வேண்டுமென்றே டைமை மாற்றிவிட்டது என்று சென்னியப்பன் முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் அப்பா பூங்கொடியில் கண்டக்டராக இருந்தவர், அதனால் நம்புவதற்கு ஆளும் இருக்கிறது. தெரியாமல் செய்தது என்றால் வேலை மட்டும் போகும். வேண்டுமென்று செய்தது என்றால் ஜெகநாதனோடு சேர்த்து அதையும் உள்ளே வைப்பார்கள். இன்று பதினொரு மணிக்குத் தாராபுரம் ஸ்டாண்டிலேயே, சங்கத்தின் பெரிய ஆபீசில் விசாரணை. இன்ஸ்பெக்டரும் வருகிறார். பேப்பர் அடிக்கும்போது அறையில் கூட இருந்த ஒரே ஆள் நான். அதனால்தான் இந்தக் கவர்மென்ட் பஸ். எங்கள் வண்டி எதிலும் என்னை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

முந்தாநாள் கந்தவேல் வீட்டுக்கு வந்தான். எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். கந்தவேல், தரையில்!

"அண்ணா, அந்தப் புள்ள வேணும்னு செஞ்சுதுன்னு மட்டும் சொல்லிருங்க. இல்லீன்னா ஏன் சும்மா கிடைக்கறதப் போட்டன்னு எல்லாரும் என்ற கழுத்துலதான் கத்தி வெப்பாங்க. கம்ப்யூட்டரே இனி வேண்டாம். நோட்டு வாங்கித் தர்றன். நீங்களே எழுதுங்க, நீங்களே சொல்லுங்க. உங்க மண்டைதான் சங்கத்துக்குச் சட்டம்."

கேட்டீர்களா? உங்கள் மண்டைதான் சட்டம். ஆறு வருடம் கழித்து.

நேற்று மத்தியானம் சுகுணா வந்தது. கட்டுப்போட்ட தலையோடு வாசலிலேயே நின்றது. உள்ளே வா என்றேன், வரவில்லை.

"பெரியப்பா, அமுக்குனது நானாவே இருக்கட்டுங். அத மாத்தச் சொல்லல. வேணும்னு செஞ்சேன்னு மட்டும் சொல்லீறாதீங்க. அப்பா தாங்கமாட்டாருங்."

போகும்போது திரும்பி நின்று இன்னொன்று கேட்டது. "அந்தப் பேப்பர ஒட்டும்போது நீங்க பாக்கலீங்களா? நீங்க பாத்தா தெரிஞ்சிருக்குமேங்."

கதவைச் சாத்திவிட்டேன். பிறகு அது நின்றதா போனதா தெரியாது.

தாராபுரம் வந்துவிட்டது, அதோ பாருங்கள் ஸ்டாண்டு. வாசலில் நிற்கிறார்களே, அவர்களெல்லாம் சென்னியப்பன் ஆட்கள். அந்த ஓரத்தில் வெள்ளைக் கட்டோடு நிற்பது சுகுணா. பக்கத்தில் அதன் அப்பா. வேலை வேலை என்று ஓடிய மனிதர், இப்போது ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

தம்பி, நீங்கள் படித்தவர். எனக்கு ஒன்று சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தப்பு நடக்கப்போகிறது என்று தெரிகிறது. கையை நீட்டினால் நிறுத்திவிடலாம். அவன் நீட்டவில்லை, சும்மா இருந்துவிடுகிறான். அது தெரியாமல் செய்ததா, வேண்டுமென்று செய்ததா? யோசிக்காமல் சொல்லுங்கள்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், இந்த இரைச்சலில் கேட்கவில்லை.

வேண்டுமென்றுதான். அப்படியா? நல்லது.

அதுதான் எனக்கும் பட்டது. பாருங்கள், பேப்பரை அடித்தது அந்தப் பிள்ளை. படித்த பிள்ளை. தன் கையால் அடித்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் சொன்னதுதான், வேண்டுமென்றுதான் செய்திருக்கிறது. இரண்டு நாளாக எனக்கு இந்தச் சொல் வாயில் வராமல் இடறிக்கொண்டே இருந்தது தம்பி. நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். புண்ணியமாகப் போகும்.

கொஞ்சம் காலை மடக்குங்கள், இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் இறங்க வேண்டாம், இந்த வண்டி இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கரூர் வரைக்கும் போகும். ஆனால் அந்தக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். நான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்ததும் பூங்கொடிக்காரனுக்கும் இவர்களுக்கும் நடுவில் கல் பறக்கும்.